ஒரே இரவில் ஆண்ட்ரோமீடாவும் ஓரியன் நெபுலாவும்

சென்ற நவம்பர் மாத அமாவாசை இரவில் ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்தையும், அது உச்சியைக் கடந்து சாயும்வரை காத்திருந்து ஓரியன் நெபுலா என்னும் வாயு மேகத்தையும் படமெடுத்தேன். என்னிடம் தொலைநோக்கி இல்லை. ஒரு சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராவும் 135 மி.மீ. லென்ஸும் முக்காலியும் மட்டுமே இருந்தன. லென்ஸின் மேலுள்ள, தொலைதூரக் குவியத்துக்கான முடிவிலிக் குறியை நம்பி முதல் அரை மணி நேரத்தை வீணாக்கினேன், ஏனெனில் அந்த இடத்தில் வைத்து எடுத்த படங்களில் விண்மீன்கள் எல்லாம் சிறு வட்டங்களாகப் பதிந்திருந்தன. பிரகாசமான ஒரு விண்மீனைக் கேமராத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, அது ஊசிமுனையாகச் சுருங்கும்வரை குவிய வளையத்தை நூலிழை அளவில் திருப்பிய பிறகே படம் தெளிந்தது.

பூமியின் சுழற்சியால் வானம் நிமிடத்துக்குக் கால் பாகை நகர்வதால், 2 வினாடிக்கு மேல் ஒளியை வாங்கினால் விண்மீன்கள் கோடுகளாகிவிடும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் 2 வினாடிப் படங்களாக 300 எடுத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை கேமராவைத் திருப்பிச் சரிசெய்து, பின்னர் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். மொத்தம் 10 நிமிட ஒளிதான். 1880 செப்டம்பர் 30 அன்று அமெரிக்க வானியலர் ஹென்றி டிரேப்பர் இதே ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் படம்பிடித்தபோது ஒரே தகட்டுக்கு 51 நிமிடங்கள் காத்திருந்தார் என்பதை எண்ணும்போது, குளிரில் நான் முணுமுணுத்தது சற்று வெட்கமாகவே இருக்கிறது.

நெபுலா தாராளமாக நடந்துகொண்டது. ஒற்றைப் படத்திலேயே இளஞ்சிவப்பு தெரிந்தது; ஆனால் மங்கிய ஓரங்களுக்காக ஒளியை உயர்த்தியதும் நடுவிலுள்ள டிரபீசியம் விண்மீன்கள் வெண்மையில் மூழ்கிவிட்டன. நடுப்பகுதிக்கென அரை வினாடிப் படங்களைத் தனியாக எடுத்து இணைத்திருக்க வேண்டும்.

ஆண்ட்ரோமீடாவோ கருமியாக இருந்தது. ஏறத்தாழ 25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலிருந்தும் வானில் முழுநிலவின் அகலத்தைப்போல ஆறு மடங்கு நீளத்துக்குப் பரந்திருக்கும் மண்டலம், என் படத்தில் ஒரு பஞ்சுப் பொட்டாக மட்டுமே தெரிந்தது. தோல்வி என்று கருதி அழிக்கவிருந்தேன். அடுக்கிய படத்தின் இருண்ட பகுதிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தியபோதுதான், அந்தப் பொட்டு வெறும் கரு என்பதும், மண்டலத்தின் பெரும்பகுதி அதைச் சுற்றிய இருளுக்குள் ஏற்கெனவே பதிந்திருந்தது என்பதும் புரிந்தன. ஒரு பக்கத்துத் தூசிப் பட்டைகூட மெல்லிய கீறலாக வெளிவந்தது.

மறுமொழி

தங்கள் அனுபவத்தோடு என் தவறு ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். நெபுலாவின் ஹைட்ரஜன் வாயு 656 நானோமீட்டர் சிவப்பில் ஒளிர்கிறது. சாதாரணக் கேமராவின் உள்வடிகட்டி அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அதை அறியாமல் நிறத்தைக் கூட்டிக் கூட்டி, ஒருமுறை நெபுலாவைக் குங்குமமாகவே ஆக்கிவிட்டேன்.

அதைவிடப் பெரிய பிழை ஆண்ட்ரோமீடாவில் நிகழ்ந்தது. கருவுக்குச் சற்றுத் தள்ளி மங்கலான நீள்வட்டக் கறை ஒன்று தெரிந்தது. லென்ஸில் பனி படிந்துவிட்டது என்று முடிவுசெய்து, திருத்தும்போது அதைக் கவனமாக அழித்தேன். அது ஆண்ட்ரோமீடாவைச் சுற்றும் எம்110 என்னும் சிறிய துணை மண்டலம் என்று ஒரு நண்பர் சொன்ன பிறகு, மூலப் படங்களை மீண்டும் முதலிலிருந்து அடுக்கினேன்.