குரோஷே கவுனை 3 வயதுக்குப் பெரிதாக்க வழி சொல்லுங்கள்

வணக்கம் தோழிகளே. அண்ணன் மகளின் மூன்றாவது பிறந்தநாளுக்கு குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) கவுன் போடுகிறேன். கையில் இருப்பது ஒரு வயதுக்கான பேட்டர்ன், அமெரிக்க முறையில் எழுதியது. கழுத்திலிருந்து கீழே இறங்கும் ராக்லான், அதாவது கையும் உடம்பும் சேரும் கோடு கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்வாக வரும். தொடக்கம் 56 செயின் (சங்கிலித் தையல்): முன்னும் பின்னும் 18, கைகளுக்குப் பத்துப் பத்து. கையும் உடம்பும் சேரும் நான்கு மூலையிலும் கூட்டுவதால் சுற்றுக்கு 8 தையல் ஏறும். மதுரை வெயிலுக்குப் பருத்தி நூல்தான். 3.5 மி.மீ. ஊசியில் சதுரம் போட்டுப் பார்த்தேன், 10 செ.மீ.க்கு 16 டபுள் குரோஷே தையல் வந்தது.

குழந்தைக்கு மார்பு 53 செ.மீ. தளர்வாக 58 வேண்டும், அதாவது சுமார் 92 தையல். அக்குளில் 4 செயின் போட்டாலும் 12 சுற்று கூட்டினால்தான் உடம்பு சரியாக வருகிறது. ஆனால் அதற்குள் கை 38 தையலாகி 24 செ.மீ. அகலமாகிவிடுகிறது. அவளுக்கு மேல்கை 16தான். மாட்டிப் பார்த்தபோது அக்குளில் பை மாதிரி தொங்கியது. அவள் கையைத் தூக்கியதும் கவுனே முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது. முழுதும் பிரித்துவிட்டேன். அக்குள் செயினைக் கூட்டலாம் என்றால், கையும் சேர்ந்தே அகலமாகிறது.

9 சுற்றோடு கையில் கூட்டுவதை நிறுத்தி, மீதி 3 சுற்றும் முன்பின் பகுதியில் மட்டும் கூட்டலாமா? தோளில் சுருக்கம் விழுமா? அப்புறம், பின்கழுத்தில் பட்டனுக்கு எவ்வளவு திறப்பு விடுவீர்கள்? இதே வயதுக்குப் போட்டவர்கள் உங்கள் கணக்கைச் சொன்னால் இன்றிரவே மறுபடி தொடங்கிவிடுவேன்.