865 மெகாஹெர்ட்ஸ் சிந்தசைசர்: ஒரு சேனலில் மட்டும் இரண்டு பக்கமும் முள் வருகிறது

கண்மாய்க்கரை:
வணக்கம். உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயின் நீர்மட்டத்தை லோரா (குறைந்த மின்சாரத்தில் தொலைவுக்குத் தகவல் அனுப்பும் ரேடியோ முறை) வழியாக வீட்டுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். ரிசீவரைச் சோதிக்க, வேண்டிய அலைவரிசைக்குத் திருப்பிக்கொள்ளும் ஒரு சிக்னல் ஜெனரேட்டர் தேவைப்பட்டது. ஏ.டி.எஃப். 4351 என்ற சிந்தசைசர் சிப் (ஒரு ரெஃபரன்ஸ் அலைவரிசையிலிருந்து வேண்டிய அலைவரிசையை உருவாக்குவது) உள்ள போர்டு வாங்கி, ஆர்டுயினோவில் நானே நிரல் எழுதினேன். சிப்புக்குள் இருக்கும் வி.சி.ஓ. (மின்னழுத்தத்தால் அலைவரிசை மாறும் ஆசிலேட்டர்) 3460 மெகாஹெர்ட்ஸை ஒட்டி ஓடுகிறது, அதை நான்கால் வகுத்து 865 எடுக்கிறேன்.

போர்டில் இருந்த 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் நகர்ந்து, 865 அவுட்புட் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் விலகிவிட்டது. அதனால் ஒரு பழைய கருவியிலிருந்து கழற்றிய 10 மெகாஹெர்ட்ஸ் ஓ.சி.எக்ஸ்.ஓ.வை (சூட்டை ஒரே அளவில் வைத்திருக்கும் கிரிஸ்டல் ஆசிலேட்டர்) ரெஃபரன்ஸாகக் கொடுத்தேன். இப்போது அசையாமல் நிற்கிறது. ஆனால் லோரா சேனல்களில் 865.0625-இல் மட்டும் இரண்டு பக்கமும் 250 கிலோஹெர்ட்ஸ் தள்ளி முள் மாதிரி ஸ்பர் (வேண்டாத சிக்னல்). 865.4025, 865.985 இரண்டும் சுத்தம். ஒரு வாரமாக இதோடுதான் இருக்கிறேன்.

பழங்காநத்தம்:
சப்ளை இரைச்சலாக இருக்கலாம். அடாப்டரை எடுத்துவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள்.

கண்மாய்க்கரை:
ஓட்டினேன் சார், பேட்டரியிலும் அப்படியேதான். லூப் ஃபில்டர் (வி.சி.ஓ.வுக்குப் போகும் மின்னழுத்தத்தைச் சீராக்குவது) கபாசிட்டரையும் மாற்றிப் பார்த்தேன்.

தெப்பக்குளம் ஹாம்:
தம்பி, அலைவரிசையை 12.5 கிலோஹெர்ட்ஸ் இறக்கி 865.05-இல் வையுங்கள். முள் 250-லிருந்து 200-க்கு வந்தால் சப்ளையும் இல்லை, ஃபில்டரும் இல்லை. நீங்கள் நகர்த்தியதைப் போல நான்கு மடங்கு அது நகர்கிறது என்றால், வி.சி.ஓ. பக்கத்தில் பிறக்கிறது என்று அர்த்தம்.

கண்மாய்க்கரை:
சரியாக 200-க்கு வந்துவிட்டது அண்ணே! 865.0125-இல் வைத்தால் 50-க்கு வந்து பெரிதாகவும் ஆகிறது.

தெப்பக்குளம் ஹாம்:
அப்படியானால் இது இன்டிஜர் பவுண்டரி ஸ்பர். 865.0625-ஐ நான்கால் பெருக்கினால் 3460.25. உங்கள் 10 மெகாஹெர்ட்ஸின் 346-வது மடங்கு 3460. ரெஃபரன்ஸின் அந்த மடங்கும் வி.சி.ஓ.வும் சிப்புக்குள் கலந்து, இடையே உள்ள 250 கிலோஹெர்ட்ஸ் வித்தியாசம் முள்ளாக வெளியே வருகிறது. நான்கால் வகுத்தால் முள்ளின் உயரம் 12 டெசிபெல் குறையும், தூரம் மாறாது. மற்ற சேனல்களில் வித்தியாசம் 1.61, 3.94 மெகாஹெர்ட்ஸ். அவ்வளவு தள்ளி இருப்பதை லூப் ஃபில்டரே அமுக்கிவிடும். 50 கிலோஹெர்ட்ஸ் லூப்பின் அகலத்துக்குள்ளேயோ அதை ஒட்டியோ வந்துவிடும், அதனால்தான் பெரிதாகத் தெரிகிறது.

ரெஃபரன்ஸை இரட்டிக்கும் டபுளர் போட்டு 20 ஆக்கலாமே என்று தோன்றும். வேண்டாம், 3460 என்பது 20-இன் 173-வது மடங்கு. 10-ஐ எந்த முழு எண்ணால் வகுத்தாலும் 3460 அதன் மடங்காகத்தான் இருக்கும். நானும் ஒரு காலத்தில் இதே சுவரில் முட்டி, ஃபில்டரைக் குறை சொல்லி ஒரு மாதம் போக்கியிருக்கிறேன்.

25-க்கே திரும்புங்கள். அருகில் உள்ள மடங்குகள் 3450, 3475. 10.25 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி கிடைக்கும். சிப்பில் எழுத வேண்டிய வகுக்கும் எண்: இன்ட் (முழுப் பகுதி) 138, ஃப்ராக் (பின்னத்தின் மேல் எண்) 1025, மாட் (கீழ் எண்) 2500. வகுக்கும் எண் 346-லிருந்து 138 ஆவதால் கேரியரை (முதன்மை சிக்னலை) ஒட்டிய இரைச்சலும் சுமார் 4 டெசிபெல் இறங்கும். ஆனால் லூப் இரண்டரை மடங்கு அகலமாகும். 10-க்காக சார்ஜ் பம்ப் (லூப் ஃபில்டருக்கு மின்னோட்டம் தரும் பகுதி) கரன்ட்டை ஏற்றியிருந்தால் பழைய அளவுக்கே இறக்கிவிடுங்கள், மாற்றிய கபாசிட்டரையும் திரும்பப் போடுங்கள்.

வெயிலுக்கு ஓ.சி.எக்ஸ்.ஓ. எதற்கு? 1 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தரமுள்ள 25 மெகாஹெர்ட்ஸ் டி.சி.எக்ஸ்.ஓ. (வெப்பத்தால் வரும் நகர்வைத் தானே ஈடுசெய்யும் ஆசிலேட்டர்) போதும். 865-இல் அது 865 ஹெர்ட்ஸ்தான் விலகும். 125 கிலோஹெர்ட்ஸ் அகல லோராவுக்கு அது ஒன்றுமே இல்லை.

பழங்காநத்தம்:
இது எனக்கும் புதிது. நன்றி அண்ணே. டவுன்ஹால் ரோட்டில் டி.சி.எக்ஸ்.ஓ. கிடைக்குமா?

தெப்பக்குளம் ஹாம்:
கேட்டுப் பாருங்கள், ஆனால் ஆன்லைனில் வாங்குவதே நல்லது. சப்ளை தேவைப்படாத வெறும் கிரிஸ்டலையே டி.சி.எக்ஸ்.ஓ. என்று கொடுத்துவிடுகிறார்கள். நான்கு காலில் ஒன்றுக்கு சப்ளை கொடுக்கச் சொல்லியிருக்கிறதா என்று டேட்டாஷீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்மாய்க்கரை:
பழைய கிரிஸ்டலையே திரும்ப ஒட்டி ஓட்டினேன் அண்ணே. 865.0625-இல் முள் மறைந்துவிட்டது. டி.சி.எக்ஸ்.ஓ.வுக்கு ஆர்டர் போட்டாயிற்று. வந்ததும் மத்தியான வெயிலில் மொட்டைமாடியில் வைத்து அளந்து இங்கேயே எழுதுகிறேன்.