ஈசிஜி சரியாக இருந்தது, ஆஞ்சியோவில் மூன்று அடைப்பு. பைபாஸ் செய்யத்தான் வேண்டுமா?

அமராவதிக்கரை:
வணக்கம். அப்பாவுக்கு 61 வயது, பதினைந்து வருடமாகச் சர்க்கரை. பீடி, சிகரெட் எதுவும் கிடையாது. ஆறு மாதமாக மாடியில் தண்ணீர்த் தொட்டி பார்க்க ஏறினால் பாதிப் படியில் நின்றுவிடுவார், கேட்டால் வயசாகுது இல்லையா என்பார். நெஞ்சுவலி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சாப்பிட்டுவிட்டு நடந்தால் மேல்வயிறு இறுக்குகிறது என்றார், வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தோம். மூன்று மாதம் முன்பு ஈசிஜி எடுத்து ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். போன வாரம் தங்கை பிடிவாதமாக இதய டாக்டரிடம் கூட்டிப்போனாள். டிரெட்மில்லில் நாலு நிமிடம்கூட நடக்க முடியவில்லை, நிறுத்திவிட்டார்கள். ஆஞ்சியோவில் மூன்று குழாயிலும் அடைப்பு, முன்பக்கக் குழாயில் 90 சதவீதம். பைபாஸ் என்கிறார்கள். சித்தப்பாவோ ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழல்) வைத்தால் போதும், நெஞ்சைப் பிளக்க வேண்டாம் என்கிறார். அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஈசிஜியில் தெரியாதது எப்படி இவ்வளவு பெரிதாக இருக்கும்? செய்துகொண்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மலைக்கோட்டை:
தம்பி, நான் 2016இல் செய்துகொண்டவன், எனக்கும் சர்க்கரைதான். சித்தப்பா சொன்னதையே என் மச்சான் சொன்னார். டாக்டர் எனக்கு விளக்கியது இதுதான்: ஸ்டென்ட் அடைப்பு இருக்கிற அந்த ஓர் இடத்தைத்தான் திறக்கும், சர்க்கரைக்காரர்களுக்குக் குழாய் நெடுகப் படிந்துகொண்டே வரும், பைபாஸ் அந்தப் பகுதியையே தாண்டிக் கீழே போய் இணைக்கிறது, நாளைக்கு மேலே புதிதாக அடைத்தாலும் ரத்தம் போக வழி இருக்கும். காலிலிருந்து நரம்பு எடுப்பார்கள் என்று ஊரில் சொல்வது உண்மையில் நரம்பு இல்லை, ரத்தக்குழாய்தான். அதைவிட முக்கியமானது நெஞ்சுக்கூட்டின் உள்பக்கம் ஓடும் தமனி. அதை முன்பக்கக் குழாயில் இணைத்தால் பத்து வருடம் கழித்தும் பத்தில் ஒன்பது பேருக்குத் திறந்தே இருக்கிறதாம், கால் குழாய் அவ்வளவு நாள் நிற்பதில்லை. எந்தக் குழாயை எங்கே வைக்கப்போகிறீர்கள் என்று சர்ஜனிடம் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

அம்மாவிடம் சொல்லுங்கள், 1975லேயே டாக்டர் கே.எம். செரியன் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் இந்தியாவின் முதல் பைபாஸைச் செய்துவிட்டார். புதுசாக வந்த ஆபரேஷன் இல்லை. முதல் நாலு நாள் கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும், மூச்சுப் பயிற்சிக்குத் தரும் மூன்று பந்து இருக்கிற கருவியை அலுக்காமல் உறிஞ்ச வேண்டும். எனக்கு நெஞ்சைவிடக் கால் புண்தான் அதிகம் வலித்தது. பிளந்த நெஞ்செலும்பு ஒன்றுசேர ஆறேழு வாரம் ஆகும், அதுவரை தண்ணீர்க் குடம் தூக்கக்கூட விடாதீர்கள்.

வார்டு_அக்கா:
இதயப் பிரிவில் பதினோரு வருடமாகச் செவிலியர். ஈசிஜி என்பது அதை எடுக்கிற அந்த சில நொடி இதயம் எப்படி இருக்கிறது என்பது மட்டும்தான். படுத்திருக்கிற ஆளுக்கு 90 சதவீத அடைப்பிலும் ரத்தம் போதும், அதனால் கோடு நன்றாகவே வரும். படி ஏறும்போதுதான் பற்றாமல் போகும், டிரெட்மில்லில் பிடிபட்டது அதனால்தான். நாள்பட்ட சர்க்கரையில் நரம்பு மழுங்கிப்போவதால் வலி தெரியாமலே போகலாம், மேல்மூச்சு, மேல்வயிற்று இறுக்கம், தாடை வலி, காரணமில்லாத வியர்வை என்றுதான் வரும். முன்பு சுலபமாக ஏறிய படியில் இன்று நிற்கிறார் என்றால் அதுவே அறிகுறி, நாங்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

ஸ்டென்ட்டா பைபாஸா என்பதற்கு, 2012இல் வெளியான ஃப்ரீடம் ஆய்வு சுமார் 1,900 சர்க்கரை நோயாளிகளைச் சில வருடம் தொடர்ந்து பார்த்தது. பல குழாய் அடைப்பில் பைபாஸ் செய்தவர்களிடம் இறப்பும் மாரடைப்பும் குறைவு, பக்கவாதம் மட்டும் சற்று அதிகம். அப்பாவின் கழுத்துக் குழாய், சிறுநீரகம் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார்கள். ஆபரேஷனுக்கு முன் ரத்தம் இளக்கும் மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் பைபாஸ் அதில் வரும், எடுத்துப்போங்கள்.

நடுவில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இறுக்கம் வந்தால் ஆபரேஷன் தேதிக்குக் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். அப்புறம் நீங்களும் தங்கையும் இந்த மாதமே கொழுப்பு, சர்க்கரை, பிபி பாருங்கள்.

பொருநை:
என் அண்ணனுக்கு 47. ராத்திரி நெஞ்சு கரிக்கிறது என்று பக்கத்தில் ஒரு இடத்தில் காட்டினோம், ஈசிஜி எடுத்தார்கள், வாயு என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். மாரடைப்பைக் காட்டிக்கொடுக்கும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை பார்க்கவில்லை, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு ஈசிஜியும் எடுக்கவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் அப்போது தெரியாது. விடியற்காலை போய்விட்டான். உங்கள் தங்கை பிடிவாதம் பிடித்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அவளிடம் சொல்லுங்கள்.

அமராவதிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. பொருநை, படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. தங்கையிடம் காட்டினேன், அழுதுவிட்டாள். இன்று சர்ஜனைப் பார்த்தோம், முன்பக்கத்துக்கு நெஞ்சுத் தமனி, மற்ற இரண்டுக்கும் கால் குழாய் என்றார். வியாழக்கிழமை ஆபரேஷன், சித்தப்பாவே ரத்தம் கொடுக்க வருகிறேன் என்றிருக்கிறார். எனக்கு 34 வயது, அங்கேயே ரத்தம் கொடுத்துப் பார்த்தேன், கெட்ட கொழுப்பு 168. திங்கட்கிழமை எனக்கும் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன்.