பத்துக் கோடிட்ட இடம், பத்துச் சொல்: 9 மதிப்பெண் வருமா, வராதா?

மோக்கா வாத்தியார்:
"பிரைமரி பிள்ளைகளின் ஆங்கிலத்துக்குப் பெட்டியில் பத்துச் சொல், கீழே பத்துக் கோடிட்ட இடம். இதைவிட நல்ல பயிற்சி கிடையாது" என்று நேற்று ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல். பத்துக்குப் பத்து கொடுத்தால் கடைசிச் சொல் இனாம். ஒன்றை இடம் மாற்றிப் போட்டால் இன்னொன்றும் கூடவே தப்பாகும். அதனால் அந்தத் தாளில் 10 வரும், 8 வரும், 9 வரவே வராது. ஒரு தப்புக்கு இரண்டு மதிப்பெண் போகிறதே, இதுவா பயிற்சி? பதின்மூன்று சொல் கொடுங்கள்.

காத்ர்போர்ன்காரன்:
எழுதியது நான்தான், ஐயா. "ஒருவர்" என்று மொட்டையாகச் சொல்ல வேண்டாம். 9 வரும். ஒன்றை எழுதாமல் விட்டால் 9.

மோக்கா வாத்தியார்:
ஒன்பதைச் சரியாகப் போட்ட பிள்ளை, பெட்டியில் ஒரே சொல் மிச்சம் கிடக்கும்போது ஏன் விடப்போகிறது? 9 வராது.

ரோஸ்ஹில் டீச்சர்:
எத்தனை சொல் என்பது இருக்கட்டும், என்ன சொல் என்று பாருங்கள். "த மெட்ரோ ஹேஸ் பீன் ரன்னிங் ___ 2020". இங்கே 'சின்ஸ்'. "___ ஃபைவ் இயர்ஸ்" என்றால் 'ஃபார்'. மொரீஷியஸில் நாம் பேசும் க்ரியோல் மொழியில் இரண்டுக்கும் 'தெபி' ஒன்றுதான், அதனால் பிள்ளைகள் 'சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்றே எழுதுகிறார்கள். தமிழில் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். '2020இலிருந்து' என்று வந்தால் சின்ஸ், 'ஐந்து வருடமாக' என்று வந்தால் ஃபார்.

காத்ர்போர்ன்காரன்:
டீச்சர், வீட்டில் க்ரியோல் பேசுகிற பிள்ளைக்கு முதலில் தமிழ், பிறகு ஆங்கிலமா? ஒரு பாடத்துக்கு இரண்டு பாடம்.

ரோஸ்ஹில் டீச்சர்:
தமிழ் வகுப்பில் உட்காருகிற பிள்ளைக்குச் சொன்னேன். 'காலையிலிருந்து', 'இரண்டு நாளாக' என்பதுகூடத் தெரியாது என்று நீங்களே முடிவுகட்ட வேண்டாம்.

மோக்கா வாத்தியார்:
பேச்சை மாற்றாதீர்கள். பெட்டியில் எல்லாம் ஒரே வகைச் சொல்லாக இருக்க வேண்டும். நான்கு பெயர்ச்சொல்லும் ஒரே ஒரு 'வென்ட்'டும் இருந்தால், 'யெஸ்டர்டே'யைப் பார்த்ததும் பிள்ளை வாக்கியத்தைப் படிக்காமலே 'வென்ட்' போட்டுவிடும். கோட்டுக்கு முன்னால் 'அன்' என்று அச்சடிப்பதும் விடையைக் காட்டிக்கொடுப்பதுதான். அந்த இடத்தையும் காலியாக விடுங்கள். 'அன் அவர்' (ஒரு மணி நேரம்), 'எ யூனிவர்சிட்டி' இரண்டையும் எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேட்டுப் போடட்டும்.

காத்ர்போர்ன்காரன்:
போன மாதம் 'அன் அவர்' விவாதத்தில் நான் சொன்னதையே இப்போது எனக்குத் திருப்பிச் சொல்கிறார்! சரி, உங்கள் பதின்மூன்றுக்கு வருவோம். மிச்சம் மூன்றில் 'இன்' இருக்கிறது என்று வையுங்கள். "வீ வெய்ட்டட் ___ த ஸ்டேஷன்". 'அட்'டும் சரி, 'இன்'னும் சரி. எதற்கு மதிப்பெண்?

மோக்கா வாத்தியார்:
பதின்மூன்று சொல்லையும் பத்து இடத்திலும் போட்டுப் பார்க்க வேண்டும். 130 முறை. இரண்டு பொருந்தினால் வாக்கியத்தை மாற்ற வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டால் தாள் தயாரிக்க உட்காரக் கூடாது.

சிவப்புப்பேனா:
1953இல் வில்சன் டெய்லர், உரையில் இடையிடையே சொல்லை எடுத்துவிட்டு நிரப்பச் சொல்லும் க்ளோஸ் முறையைக் கொண்டுவந்தது, உரை படிக்க எவ்வளவு எளிது என்று அளக்க. அதில் பெட்டியே கிடையாது. நீங்கள் இருவரும் எதைப் பேசுகிறீர்கள், சோதனையையா பயிற்சியையா?

மோக்கா வாத்தியார்:
எதுவானால் என்ன? 9 வராது.

காத்ர்போர்ன்காரன்:
ஒரே சொல்லை இரண்டு இடத்தில் எழுதினால் ஒன்று சரி, ஒன்று தப்பு. மற்ற எட்டும் சரி. 9! இப்போது என்ன சொல்கிறீர்கள்?

மோக்கா வாத்தியார்:
போட்ட சொல்லைப் பெட்டியில் அடித்துவிட்டு அடுத்ததுக்குப் போ என்று சொல்லிக்கொடுத்த பிள்ளை அப்படி எழுதாது. வராது.

காத்ர்போர்ன்காரன்:
எழுதும். வரும்.

ரோஸ்ஹில் டீச்சர்:
என் 'சின்ஸ்', 'ஃபார்' பற்றி ஒருவரும் பதில் சொல்லவில்லையே?