முதிரும் பெரணி, தான் உறிஞ்சிய ஆர்செனிக்கை மண்ணுக்கே திருப்பிவிடுமா?

கேள்வி (அல்சூர், பெங்களூரு)

வணக்கம். எங்கள் வீட்டுப் பின்கட்டில் பந்தலுக்காகப் பல ஆண்டுகளுக்கு முன் நட்ட, பச்சை நிற மருந்தேற்றிய மரக்கம்பங்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றின் அடிமண்ணைச் சோதித்துப் பார்த்ததில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் அளவில் ஆர்செனிக் இருப்பது தெரிந்தது. பழைய சுண்ணாம்புச் சுவரில் தானாக முளைத்திருந்த டெரிஸ் விட்டேட்டா பெரணியைப் பெயர்த்து, இரண்டு மழைக்காலங்களுக்கு முன் அங்கே நட்டேன். இப்போது கீழ் இலைகள் காய்ந்து உதிர்கின்றன. மற்ற இலைகளின் அடிப்புறத்தில் விளிம்பை ஒட்டிப் பழுப்புக் கோடு ஓடுகிறது. செடி விஷத்தால் வாடுகிறதா? உதிர்ந்த இலைகளிலுள்ள ஆர்செனிக் மறுபடியும் மண்ணில் இறங்குமா? இரண்டடி தள்ளி அரைக்கீரைப் பாத்தி இருப்பதால் கவலையாக இருக்கிறது.

பதில் 1

அம்மா, அந்தப் பழுப்புக் கோட்டைக் கண்டு அஞ்ச வேண்டாம். இலை விளிம்பு உட்புறமாக மடிந்து மூடியிருக்கும் இடத்தில் வரிசையாக அமைந்த வித்துப்பைகள் அவை. விரலால் தேய்த்தால் பொடி ஒட்டும். நல்ல நிலையில் முதிர்ந்த இலைக்கு அது இயல்பு.

உதிரும் இலைகள் பற்றிய உங்கள் ஐயம் மிகச் சரியானது. மண்ணிலுள்ள ஆர்செனிக்கின் ஒரு வடிவமான ஆர்செனேட், வேர்களில் பாஸ்பேட் என்னும் சத்து செல்லும் வழியாகவே உள்ளே நுழைகிறது. பிறகு அதன் பெரும்பகுதி ஆர்செனைட் என்ற மற்றொரு வடிவமாக மாற்றப்பட்டு, இலை உயிரணுக்களின் சாற்றுப்பைகளில் அடைக்கப்படுகிறது. இலை உயிரோடு இருக்கும்வரை அந்தப் பூட்டு உறுதியாக இருக்கிறது. இலை காயும்போது பைகள் சிதைந்து, ஆர்செனைட் திரும்பவும் ஆர்செனேட்டாகி, நீர் பட்டால் எளிதில் கரைந்து வெளியேறுகிறது. நம் ஊர் மாலை மழை ஒன்று போதும்.

இந்தப் பெரணியின் திறனை லீனா மா குழுவினர் 2001இல் நேச்சர் இதழில் வெளியிட்டபோது, அதைக் கண்டெடுத்த இடமும் இதே வகை மரமருந்தால் கெட்ட புளோரிடா நிலமே. கிலோவுக்கு 18.8 முதல் 1603 மில்லிகிராம் வரை ஆர்செனிக் கொண்ட மண்களில் வளர்ந்த செடிகளில் கிலோவுக்கு 1442 முதல் 7526 மில்லிகிராம் வரை சேர்ந்திருந்தது. உங்கள் மண் அந்த வரம்புக்குள் வருவதால், ஒரு பிடி சருகையும் சாதாரணக் குப்பையாக எண்ணாதீர்கள். செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலந்த அந்த மரமருந்தை 1933இல் உருவாக்கியவர் நம் நாட்டு அறிவியலாளர் சொண்டி காமேசம் என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது.

பதில் 2

மேற்கண்ட பதிலோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இலையின் வயதும் செடியின் வயதும் வெவ்வேறு. நெடுநாள் நின்ற இலையில் சேர்மானம் கூடிக்கொண்டே போகிறது. ஆனால் ஒரே எடையுள்ள செடிகளை ஒப்பிட்டால், நீரிலிருந்து ஆர்செனிக்கை வேகமாக இழுப்பது இளஞ்செடியே. ஆகவே முதிர்ந்த புதரை அப்படியே விட்டுவைக்காமல், வெளிச்சுற்று இலைகள் பசுமை குறையத் தொடங்கியதுமே, காயும்வரை காத்திராமல், கையுறையோடு வெட்டி எடுங்கள். நடுவிலுள்ள சுருள்குருத்துகளையும் மண்ணடிக் கிழங்கையும் தொடாவிட்டால் செடி மீண்டும் தழைக்கும். வெட்டியதை உரக்குழியில் போடக் கூடாது, மாட்டுக்கும் வைக்கக் கூடாது. எரித்தால் ஆர்செனிக் புகையோடு கிளம்பும் என்பதால் அதை அறவே தவிருங்கள். மூடிய பையில் கட்டி, வீட்டு அபாயக் கழிவாகத் தனியே ஒப்படையுங்கள்.

கம்பங்கள் நிற்கும்வரை மண்ணில் புதிதாக ஆர்செனிக் இறங்கிக்கொண்டே இருக்கும். முதலில் அவற்றை அகற்றுங்கள். அதன் பிறகும் மண் தேறப் பல ஆண்டுகள் ஆகும்.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலையே உதிர்ந்த சருகுகளைப் பொறுக்கிப் பையில் கட்டிவிட்டேன்; ஐந்து புதர்களிலிருந்து அரை வாளி தேறியது. கம்பங்களைப் பிடுங்க ஞாயிறன்று ஆள் வருகிறார். அரைக்கீரையை இனி வேறு மண் நிரப்பிய தொட்டிகளில் மாடியில் விதைக்கிறேன். இப்போது பாத்தியில் நிற்பதைச் சமைக்கப் போவதில்லை.