ஏற்காடு மலைப்பாதை விபத்து: மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) 'தானாக விழுந்தார்' என்று இருந்தால் எஃப்.ஐ.ஆர். போட மாட்டார்களா?

கேட்டவர்: அஸ்தம்பட்டி வாசி

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை என் சித்தப்பா, தாம் மேஸ்திரியாக இருக்கும் காப்பித் தோட்டத்துக்கு இருசக்கர வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார். அடிவாரத்திலிருந்து போகும் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக்கு மேல் கடந்த நிலையில், மேலிருந்து இறங்கிய வெள்ளைக் கார் ஒன்று வளைவை அகலமாக எடுத்து, இவர் பக்கத்துக்கே வந்து கைப்பிடியில் தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்துவிட்டன. பின்னால் வந்த ஒரு குடும்பத்தினர் இதைப் பார்த்திருக்கிறார்கள். அவர்களுடைய தொலைபேசி எண் எங்களிடம் இருக்கிறது.

சிக்கல் மருத்துவமனையில்தான் தொடங்கியது. சித்தப்பாவை ஏற்றி வந்த ஜீப் ஓட்டுநர் விபத்தைப் பார்த்தவர் அல்லர். அவர் "வண்டி சறுக்கி விழுந்திருப்பார் போல" என்று சொன்னதை, விபத்துப் பதிவேட்டில் தானாக விழுந்ததாகவே எழுதிவிட்டார்கள். சித்தப்பாவோ அப்போது நினைவில்லாமல் கிடந்தார். புதன்கிழமை முதலில் சென்ற காவல் நிலையத்தில், அந்த வளைவு தங்கள் எல்லையில் இல்லை என்றார்கள். அடுத்த நிலையத்தில், ஏ.ஆரில் இப்படி இருக்கிறது, காரின் எண்ணும் இல்லை, எதை வைத்து வழக்குப் போடுவது என்று கேட்டுவிட்டு, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்கள். இனி என்ன செய்ய வேண்டும்? விபத்து வழக்கில் காவல்துறை முறைப்படி என்னென்ன செய்ய வேண்டும் என்பதையும் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: ஓய்வுபெற்ற சிறப்பு உதவி ஆய்வாளர்

தம்பி, ஏ.ஆர். என்பது மருத்துவரிடம் என்ன சொல்லப்பட்டது என்பதற்கான பதிவே தவிர, விபத்து எப்படி நடந்தது என்பதற்கான தீர்ப்பு அன்று. அழைத்து வந்தவர் யார், நோயாளி நினைவோடு இருந்தாரா என்பதும் அதே பக்கத்தில் இருக்கும். அந்த இரண்டு வரிகளே உங்களுக்குத் துணை. பதிவைத் திருத்தித் தரச் சொல்லி மருத்துவரிடம் போய் நிற்காதீர்கள், திருத்திய ஏ.ஆர். பிறகு நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகவே பேசும். அதற்குப் பதிலாக, சித்தப்பாவின் வாக்குமூலத்தை மருத்துவமனைக்கு வந்து பதிவு செய்யுமாறு நிலையத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். படுக்கையில் இருப்பவரிடம் போய் வாக்குமூலம் வாங்குவது எங்கள் அன்றாட வேலைதான்.

எல்லைத் தகராறு சேலத்தில் பழைய கதை. அடிவாரம் வரை மாநகரக் காவல், மலை மாவட்டக் காவல் என்பதால் இரண்டு பக்கமும் கைகாட்டுவார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவின்படி, குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் புகாரைப் பெற்றுப் பதிந்து, உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். எண் தெரியாத கார் என்றால் 'அடையாளம் தெரியாத வாகனம்' என்று எழுதிப் பதிவு செய்யலாம். எத்தனையோ வழக்குகள் அப்படித்தான் தொடங்குகின்றன. எலும்பு முறிவு கொடுங்காயம் என்பதால், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ம் (அசட்டையாக வண்டி ஓட்டுதல்) 125(பி)-யும் (கவனக்குறைவால் கொடுங்காயம் ஏற்படுத்துதல்) பொருந்தும். அதற்குப் பிறகும் மறுத்தால், புகாரின் சாரத்தைத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள்.

வழக்குப் பதிந்ததும் விசாரணை அதிகாரி இடத்துக்குப் போய், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் இடத்தில் கண்டதை எழுதும் பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் தயாரிப்பார். முடிந்தால் நீங்களும் அப்போது அங்கே இருங்கள். நேர்ச்சாலையில் 'வடக்கிலிருந்து தெற்கே' என்று எழுதினால் போதும்; கொண்டை ஊசி வளைவில் அதே சாலை இருபது அடிக்குள் திசை மாறிவிடும் என்பதால், திசையை மட்டும் எழுதிய மகஜர் படிப்பவருக்குக் குழப்பத்தையே தரும். நான் எப்போதும் வளைவு எண் பலகையையோ தடுப்புச் சுவரின் ஒரு முனையையோ நிலையாக வைத்துக்கொண்டு, அங்கிருந்துதான் நாடா பிடிப்பேன். வண்டி விழுந்து இழுபட்டபோது கால்மிதி தாரில் கீறிய கோடு எங்கே தொடங்குகிறது என்பதைப் பாருங்கள். அது மலையேறுபவரின் பாதியில் தொடங்கினால், யார் யார் பக்கத்துக்கு வந்தார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற விதியும் உங்கள் பக்கம் இருக்கிறது. ஒரு மழை பெய்தால் கண்ணாடிச் சில்லு சாக்கடைக்குப் போய்விடும், ஆகவே தாமதிக்காதீர்கள். அடிவாரச் சோதனைச்சாவடியின் கேமராப் பதிவையும் இப்போதே எழுதிக் கேளுங்கள். அதன் மேல் புதிய பதிவு ஏறிவிடும்.

பதில்: விபத்து இழப்பீட்டு வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர்

ஐயா சொன்னதோடு, இழப்பீடு வழங்கும் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தின் பக்கத்தையும் சேர்க்கிறேன். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, காவல்துறை 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 50 நாட்களுக்குள் இடைக்கால அறிக்கையையும், 90 நாட்களுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்குத் தர வேண்டும். பாதிக்கப்பட்டவரின் உரிமைகளை விளக்கும் படிவத்தை 10 நாட்களுக்குள் உங்களிடம் கொடுப்பதும் அவர்கள் கடமை. அதைக் கேட்டு வாங்குபவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. விபத்து விவரம் இப்போது இ-டார் என்ற மின்னணு விபத்து அறிக்கை மென்பொருளிலும் ஏறுகிறது. இடத்தில் நின்று பதியாமல் நிலையத்துக்கு வந்து பதிந்தால் வரைபடப் புள்ளி தவறிவிடக்கூடும் என்பதால், நகல் கிடைத்ததும் அந்தப் புள்ளியைச் சரிபாருங்கள்.

எஃப்.ஐ.ஆர். சில நாள் தாமதமானதால் மட்டும் இழப்பீடு போய்விடாது. ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. காயம்பட்டவரைக் காப்பாற்றுவதில் குடும்பம் முனைந்திருக்கும்போது நிலையத்துக்கு ஓடவில்லை என்று குறைசொல்ல முடியாது. ஆனால் தாமதத்துக்கான காரணத்தைப் புகாரிலேயே எழுதுங்கள். இழப்பீட்டு மனுவுக்குச் சட்டம் குறித்திருக்கும் காலம் விபத்து நாளிலிருந்து ஆறு மாதம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கார் கடைசிவரை கிடைக்காவிட்டால், மோட்டார் வாகனச் சட்டம் 161-ன் கீழ் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் கிடைக்கும். தொகை சிறிதுதான். அதனாலேயே யாராவது வந்து, "காப்பீடு உள்ள வேறொரு வண்டியைக் காட்டிவிடலாம், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார்கள். அந்தப் பேச்சுக்குச் செவிகொடுக்காதீர்கள். அது மோசடி வழக்காக உங்கள் சித்தப்பாவின் தலையில்தான் விழும்.

பதில்: ஜாகீர் அம்மாபாளையம் மெக்கானிக்

ஒன்று மட்டும் சொல்கிறேன். மோட்டார் வாகன ஆய்வாளர் பார்க்கும் வரை வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவராதீர்கள். வளைந்த கைப்பிடியை நிமிர்த்திவிட்டு வந்து, கார் இடித்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆய்வு முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் வண்டியை உரியவரிடம் திருப்பித் தர வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

கேட்டவர்: அஸ்தம்பட்டி வாசி

அனைவருக்கும் நன்றி. நேற்று சித்தப்பாவின் வாக்குமூலம் பதிவாகி, இரவு எஃப்.ஐ.ஆர். நகல் கைக்கு வந்தது. தாமதக் காரணம் மூன்று வரியில் இருக்கிறது. இன்று காலை மகஜர் எழுதும்போது உடனிருந்தேன். கீறல் கோடு இன்னும் அழியவில்லை; தடுப்புச் சுவர் முனையிலிருந்து அளந்தார்கள். சுவரின் அடியில், உதிர்ந்த இலைக்கு நடுவே, வெள்ளை வண்ணம் பூசிய பக்கக் கண்ணாடி மூடியின் உடைந்த துண்டு ஒன்று கிடந்தது. அதையும் மகஜரில் சேர்த்துக் கைப்பற்றினார்கள். சோதனைச்சாவடிப் பதிவுக்குக் கடிதம் போயிருக்கிறது. வண்டி நிலைய வாசலில் அப்படியே நிற்கிறது, சேற்றைக்கூடக் கழுவவில்லை.