பாதத்து எலும்புகளுக்குத் தமிழ்ப் பெயர் வேண்டும்

வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். மகள் தமிழ் மீடியம், எட்டாம் வகுப்பு. கால் எலும்புகளைக் களிமண்ணில் செய்துகொண்டிருக்கிறோம். பாதத்தில் மொத்தம் 26: விரல்களில் 14 (கட்டைவிரலுக்கு இரண்டுதான்), நடுவில் 5, பின்னால் 7. அந்த ஏழில்தான் மாட்டிக்கொண்டோம். குதிகால் எலும்பு தெரியும். குதிகாலைப் பக்கத்து வீட்டுச் சேச்சி மலையாளத்தில் உப்பூற்றி என்பார். அதன்மேல் உட்காரும் தாலஸ், அப்புறம் நாவிகுலர், கியூபாய்டு, மூன்று கியூனிஃபார்ம், இவற்றைத் தமிழில் எப்படி எழுதுவது?

கணுக்காலின் வெளிமுண்டு உள்முண்டைவிடக் கொஞ்சம் இறங்கியிருப்பதை அவளே தடவிப் பார்த்துக் கண்டுபிடித்தாள். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் இருக்கும் மெல்லிய எலும்பான ஃபிபுலாவின் நுனி அது. அதைச் செய்தாயிற்று.

பழைய உயிரியல் புத்தகம் வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டால்கூடப் போதும். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும், களிமண் வேறு காய்கிறது.